விண்கல்லும் ஒரு பக்க விமர்சனமும்

இயற்பியல் வகுப்பில் திரைப்பட விமர்சனமா என்று நீங்கள் கேட்கலாம். தர்மபுரியில் எங்கள் இளநிலை மாணவர்களிடம் நான் கேட்டது ஒரே ஒரு பக்கம். படம், சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் 2018-இல் வெளிவந்த ‘டிக் டிக் டிக்’. நம் கடற்கரையை நோக்கி வரும் விண்கல்லை, ஜெயம் ரவி குழுவினர் விண்வெளிக்குச் சென்று அணு ஏவுகணையால் உடைக்கும் கதை.

வந்த தாள்கள் பெரும்பாலும் இரண்டு வகை. இமானின் இசை அருமை, முதல் விண்வெளிப் படத்துக்குப் பாராட்டு என்பது ஒன்று. (1963-லேயே ‘கலை அரசி’யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கோளுக்குப் போய் வந்துவிட்டார்!) ‘அறிவியலுக்குப் புறம்பானது’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது மற்றொன்று. ஆசிரியருக்கு இது பிடிக்கும் என்று எண்ணினார்கள் போலும். எந்தக் காட்சி, எந்த விதி, எவ்வளவு பிழை? இவை இல்லாத கண்டனம் வெறும் பாராட்டைவிட மட்டமானது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் மட்டும் கணக்குப் போட்டிருந்தார். கல் புவியின் மையத்தை நோக்கி வருகிறது என்று கொள்வோம். அதை இரண்டாக உடைத்தால் போதாது. ஒவ்வொரு துண்டும் பக்கவாட்டில் புவியின் ஆரமான 6,400 கி.மீ. விலகியாக வேண்டும். ஏழு நாட்களுக்கு முன்பே உடைத்தால், வினாடிக்குச் சுமார் 10.6 மீட்டர் பக்கவாட்டு வேகம் தேவை. ஒரு மணி நேரத்துக்கு முன் என்றால் 1.8 கி.மீ.! புவியீர்ப்பு துண்டுகளை உள்ளே வளைப்பதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே வேண்டும். படத்திலோ ஏவுகணை கடைசி நேரத்தில்தான் பாய்கிறது. ஆக, பிழை அணுகுண்டில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. படத்தின் பெயரே அதுதானே!

உண்மை நிகழ்ச்சி ஒன்றையும் நான் சேர்க்கச் சொன்னேன். 2022 செப்டம்பரில் நாசாவின் ‘டார்ட்’ விண்கலம், ஏறத்தாழ 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்னும் சிறுகோள்மீது வேண்டுமென்றே மோதியது. சிறுகோளின் வேகம் மாறியது வினாடிக்கு ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் 6,400 கி.மீ. நகர, வெறும் நேர்கோட்டுக் கணக்கில், 75 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் வானியலார் குண்டைத் தேடுவதற்கு முன் கற்களைத் தேடுகிறார்கள்.

அம்மாணவி தம் தாளின் அடியில், ‘ஆனாலும் படத்தை இரண்டு முறை பார்த்தேன்’ என்று எழுதி, பிறகு அடித்திருந்தார். அந்த வரியைத் திரும்பச் சேர்த்து எழுதித் தரும்படி தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.