எட்டு வாட் போதுமா?

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது வாட் கணக்கைத்தான். நூறு, இருநூறு, அதற்கும் மேலே. நான் சில மாதங்களாக வீட்டில் வைத்துக் கேட்டுவரும் ஆம்ப் ஒரு சேனலுக்கு 8 வாட்தான் தரும். வால்யூம் குமிழ் இல்லை, ரிமோட் இல்லை, ப்ளூடூத் இல்லை. கடையில் முழுதாகக் கிடைக்காது. உதிரிபாகங்களை வாங்கி நாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். சென்னை வெயிலில் இதைத் தொட்டால் கை சுடும். இத்தனைக்கும் பிறகு, வீட்டில் பாட்டுக் கேட்பதில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் ஆம்ப் கேம்ப் ஆம்ப். ஆர்வலர்கள் சுருக்கமாக ஏ.சி.ஏ. என்பார்கள். வடிவமைத்தவர் நெல்சன் பாஸ். 1974இல் திரெஷோல்ட், 1991இல் பாஸ் லேப்ஸ் என்று கலிஃபோர்னியாவில் அவர் தொடங்கிய நிறுவனங்களின் ஆம்ப்கள் பல லட்ச ரூபாய்க்கு விலைபோகிறவை. அதே மனிதர் தன் சர்க்யூட் வரைபடங்களை, ஏன் அப்படி வரைந்தார் என்ற விளக்கத்தோடு, பல பத்தாண்டுகளாக இலவசமாக வெளியிட்டும் வருகிறார். ஏ.சி.ஏ. பிறந்தது 2012இல். இதுவரை சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்காதவர்கள் ஒரு முகாமில் கூடி, ஒரே நாளில் ஓர் ஆம்பைக் கட்டி முடித்து வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்பது திட்டம். அந்த முகாமின் பெயரே ஆம்புக்கும் நின்றுவிட்டது. நான் கட்டியது பின்னால் வந்த 1.6 பதிப்பு.

முதல்முறை கட்டுகிறவர்களுக்கு இதில் பெரிய நிம்மதி, பெட்டிக்குள் 230 வோல்ட் நுழைவதே இல்லை. மடிக்கணினிக்கு வருவது போன்ற 24 வோல்ட் அடாப்டர் வெளியே கிடக்கும். ஆம்புக்குள் இருப்பதெல்லாம் அந்த 24 வோல்ட்தான். தவறிக் கை பட்டாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும் வகை என்பதால், மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களிலும் இது முணுமுணுக்காமல் ஓடும். இன்வெர்ட்டரிலும் ஓடுகிறது.

ஒரு சேனலில் ஐ.ஆர்.எஃப்.பி.240 என்ற மாஸ்ஃபெட் இரண்டு. ஒன்று ஒலியைப் பெருக்கும். மற்றது அதற்கு மாறாத மின்னோட்டம் ஊட்டும். முன்னால் சிக்னலை வாங்கிக்கொள்ள ஒரு சிறிய ஜேஃபெட். சில ரெசிஸ்டர்கள், பெரிய கப்பாசிட்டர்கள், அவ்வளவே. ரிச்சி தெருவில் சால்டர், வெப்பப் பசை, ஒரு நல்ல மல்டிமீட்டர் மூன்றையும் வாங்கிக்கொண்டால் மீதியை உதிரிபாகப் பொதியே (கிட்) தருகிறது. பொறுமை வேண்டிய இடம் ஒன்றுதான்: மாஸ்ஃபெட்டுக்கும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் இடையிலான காப்புத் தகடு. அது சற்று விலகி உட்கார்ந்தாலும் மின்சாரம் சட்டகத்துக்குப் போய்விடும். திருகை இறுக்கிய பிறகு மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஸ்விட்சைப் போடக் கூடாது.

கட்டி முடித்ததும் ஒரு சிறு திருகைத் திருப்பி, நடுப்புள்ளியை 24இல் பாதியான 12 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆம்ப் சூடேறும்போது அந்த அளவு நகரும் என்பதால் அரை மணி கழித்து மறுபடி பார்ப்பது அவசியம். இன்னொன்று: இந்த சர்க்யூட் ஒலியலையைத் தலைகீழாக்கி வெளியே விடுகிறது. ஸ்பீக்கர் வயர்களைச் சிவப்பும் கறுப்பும் மாற்றி மாட்டினால் சரியாகிவிடும். இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் பேஸ் காணாமல் போகும்.

இது கிளாஸ் ஏ வகை. ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாஸ்ஃபெட்டுகள் முழு மின்னோட்டத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான ஆம்ப்களில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. ஒன்று விட்டு மற்றது எடுக்கும் அந்த மாற்றத்தில் நுண்ணிய பிசிறு ஒன்று வரும். மெல்லிய ஒலியில்தான் அதன் பங்கு அதிகம். கிளாஸ் ஏவில் கைமாற்றமே கிடையாது. விலை என்ன என்றால், மின்சாரமும் சூடும். பிளக் மீட்டரில் என் ஆம்ப் எழுபது வாட்டுக்கு அருகில் காட்டுகிறது. பாட்டை நிறுத்தினாலும் அதே எழுபது. பழைய சீலிங் ஃபேன் ஒன்றின் அளவு. அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்குகிறது.

மே மாதத்தில் இது சின்ன விஷயம் அல்ல. ஹீட் சிங்க் அறை வெப்பத்தைவிட இருபத்தைந்து டிகிரிக்கும் மேலே போய் நிற்கிறது. அறை 34 என்றால் துடுப்புகள் 60ஐத் தொடும். மாஸ்ஃபெட்டின் உள்ளே அதைவிட முப்பது முப்பத்தைந்து டிகிரி கூடுதலாக இருக்கும். அதன் தாங்குவரம்பு 150 டிகிரி என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கப்பாசிட்டர்களின் ஆயுள் சூட்டில் குறையும். மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் இதை வைக்கவே கூடாது. மேலே ஒரு முழம் வெற்றிடம் வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரம் வேண்டும். கத்திரி வெயிலில் நான் இதைப் பகலில் போடுவதில்லை.

இனி, 8 வாட் போதுமா என்ற கேள்வி.

என் ஸ்பீக்கர்கள் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தருபவை. எட்டு வாட் என்றால் அதற்கு மேல் 9 டெசிபல், அதாவது 96. நான் உட்காரும் தூரத்தைக் கழித்து, ஸ்பீக்கர் இரண்டு என்பதையும் அறையின் பிரதிபலிப்பையும் கூட்டினால், நாற்காலியில் 90ஐச் சற்றுத் தாண்டும். வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் அளவு சராசரியாக எழுபது எழுபத்தைந்து டெசிபல். எம்.டி. ராமநாதனின் பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் ஒரு வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. இருநூறு வாட் ஆம்ப் வைத்திருப்பவரும் அந்தப் பாட்டை அந்த அளவில் கேட்கும்போது அதே எட்டில் ஒரு பங்கைத்தான் செலவழிக்கிறார். பாஸ் தன் இன்னொரு நிறுவனத்துக்கு ஃபர்ஸ்ட் வாட் என்று பெயர் வைத்ததன் நியாயம் எனக்கு மீட்டர் முள்ளில்தான் விளங்கியது. நம் கேட்பின் பெரும்பகுதி அந்த முதல் வாட்டுக்குள் நடக்கிறது. அங்கே சுத்தமாக இருக்கும் ஆம்பைத்தான் தேட வேண்டும்.

ராமநாதனின் குரல் அடிக்கட்டையில் இறங்கி நிற்கும் இடங்களில் இந்த ஆம்ப் தரும் நிதானம் மனதை நிறைக்கிறது. தம்புராவின் ஒவ்வொரு மீட்டும் அடுத்ததில் கரைவதற்குள் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது என்பது தெரிகிறது. பழைய வானொலிப் பதிவுகளில் அரங்கத்தின் காற்றும், பின்பாட்டுக்காரர் மூச்சு வாங்குவதும் குரலிலிருந்து தனியே பிரிந்து நிற்கின்றன. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பில் வயலின்கள் அடுக்கடுக்காக வரும் இடங்களிலும் கூர்மை காதைக் குத்தவில்லை.

நாதஸ்வரத்தில் கதை மாறுகிறது. திறந்தவெளிக்காகப் பிறந்த வாத்தியம் அது, கூடவே தவில். தனியாவர்த்தனத்தில் தவில்காரர் வலுவாக இறங்கும்போது, ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்திருந்தால், ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அடியின் முனை மழுங்கி, ஓசை தடித்துப் போகிறது. பெரிய மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவிலும் அப்படியே. இந்த இரண்டும்தான் உங்கள் முதன்மையான இசை என்றால், 87 டெசிபல் ஸ்பீக்கரோடு இந்த ஆம்ப் உங்களுக்கு ஆகாது. பி.பி.சி. பொறியாளர்கள் 1970களில் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ போன்ற, 83 டெசிபலை ஒட்டிய சிறிய ஸ்பீக்கர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், அவற்றின் குரல்வளம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும். 90க்கு மேல் உள்ள ஸ்பீக்கர் என்றால் தயங்க வேண்டாம். 99 டெசிபல் என்று குறிப்பிடப்படும் கிளிப்ஷ் ஹெரசி போன்ற ஹார்ன் வகையில் இந்த எட்டு வாட் கல்யாண மண்டபத்துக்கே பேசும். ஆனால் அடாப்டரின் மெல்லிய இரைச்சலும் அங்கே காதுக்கு எட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் விமர்சனம் முழுமையாகாது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ.3255 சில்லை வைத்துச் செய்த கிளாஸ் டி ஆம்ப் ஒன்றை நண்பரிடமிருந்து வாங்கி வந்தேன். உள்ளங்கை அகலப் பெட்டி. சூடில்லை, பல மடங்கு வாட், அளவைக் கருவியில் பிசிறும் ஏ.சி.ஏ.வைவிடக் குறைவு. இரண்டையும் ஒப்பிட ஒரே வழி, ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜை அளந்து இரண்டையும் ஒரே அளவில் நிறுத்துவது. சற்றுக் கூடுதல் சத்தத்தில் ஓடும் எதுவும் ‘நன்றாக’ இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும். ஆடியோஃபைல்கள் ஆண்டுக்கணக்கில் போடும் சண்டைகளில் பாதி, இந்த அளவுகோலை விட்டுவிட்டதால் வந்தவை என்பது என் எண்ணம்.

மிருதங்கம் வாசிக்கும் நண்பரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். வாய்ப்பாட்டில் அவர் பெரிய வித்தியாசம் எதுவும் சொல்லவில்லை. தனியாவர்த்தனம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், இதுல தொப்பி கொஞ்சம் நீளமா ஒலிக்குது. வலந்தலை சரியாத்தான் இருக்கு. தொப்பில ரவை கொஞ்சம் கூட அப்பின மாதிரி.” அப்போது ஓடியது ஏ.சி.ஏ.

தொப்பி என்பது மிருதங்கத்தின் இடப்பக்கம், கனத்த ஒலி தரும் முகம். அவர் காதுக்குப் பட்டதற்குக் காரணம் உண்டு. ஆம்பின் வெளிமுனையில் இருக்கும் இம்பீடன்ஸ் மிகக் குறைவாக இருந்தால், ஸ்பீக்கர் கோன் தன்னிஷ்டத்துக்கு ஆடாமல் பிடித்து நிறுத்தும். ஏ.சி.ஏ.வில் அந்தப் பிடி தளர்ந்தது. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் மேலேறும் பேஸ் பகுதியில் ஒலி சற்றுப் பருத்து, சற்று நீடிக்கும். இதோடு இரண்டாம் ஹார்மோனிக்கும் சேர்கிறது. எந்தச் சுரத்துக்கும் இரண்டாம் ஹார்மோனிக் அதன் மேல்ஸ்தாயியே. அதனால் அது அபசுரமாகக் கேட்பதில்லை, நிறைவாகக் கேட்கிறது. கிளாஸ் ஏ ஆம்பின் ‘இதம்’ என்று பலர் எழுதுவதில் பெரும்பங்கு இந்த இரண்டுதான் என்று நான் நம்புகிறேன். அமெரிக்காவில் பாப் கார்வர் 1985இல் இதை ஏறக்குறைய நிரூபித்தே காட்டினார். ஸ்டீரியோஃபைல் இதழ்க்காரர்கள் கொடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்புக்கு எதிரே தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்பை வைத்தார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சுவது மிகமிகக் குறையும்வரை தன்னுடையதைத் திருத்தினார். கடைசியில் அந்த இதழின் காதுகளால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. ஆம்பின் குணம் என்பது விலைச்சீட்டில் இல்லை, அளந்து மாற்றக்கூடிய சில பண்புகளில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியாது.

அப்படியானால் ஏ.சி.ஏ.வின் தொப்பி பொய்யா? துல்லியத்தை மட்டும் கேட்பவருக்கு ஆம், கிளாஸ் டிதான் பதிவுக்கு நெருக்கமானது. என் அறையில், என் ஸ்பீக்கர்களின் பேஸ் கொஞ்சம் வறண்டது. அந்தப் பருமன் அதை ஈடுகட்டுகிறது. ஏற்கெனவே பேஸ் தடித்த ஸ்பீக்கரோடு இதே ஆம்பை மாட்டினால் மிருதங்கம் சொதசொதத்துப் போகும். எனவே இந்த ஆம்பைத் தனியாக மதிப்பெண் போட்டு விற்க முடியாது. ஸ்பீக்கரைச் சொன்ன பிறகுதான் ஆம்பைப் பற்றிப் பேச்சு.

நடைமுறைத் தகவல்கள் சில. பெருக்கம் நான்கைந்து மடங்கே. மற்ற ஆம்ப்களில் பொதுவாக இருபது மடங்கை ஒட்டி இருக்கும். ஆகவே 2 வோல்ட் தரும் டி.ஏ.சி. அல்லது நல்ல ப்ரீஆம்ப் முன்னால் வேண்டும். செல்பேசியிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் ஒலி எடுபடாது. ஸ்விட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் ஒரு ‘தம்’ கேட்கும்; வெளிமுனைக் கப்பாசிட்டர் நிரம்பும் ஓசை அது, கெடுதல் இல்லை. பொதி அமெரிக்காவிலிருந்து வருவதால் அஞ்சல் செலவையும் சுங்கவரியையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். அதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் வரைபடத்தை வைத்து உள்ளூரிலேயே பாகங்கள் சேர்க்கலாம். அப்போது ஹீட் சிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்; அசல் வடிவமைப்பு நம் மே மாதத்தை நினைத்துச் செய்ததல்ல, ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள்.

இரண்டு ஏ.சி.ஏ. கட்டி, ஒவ்வொன்றையும் மோனோவாக மாற்றி ஒரு ஸ்பீக்கருக்கு 15 வாட் எடுக்கவும் வழி இருக்கிறது. எட்டிலிருந்து பதினைந்து பெரிய தாவலாகத் தெரியும். காதுக்கு அது மூன்று டெசிபல்கூட இல்லை. சூடும் மின்சாரமும் இரட்டிப்பாகும். நான் அதைச் செய்யப் போவதில்லை. அந்தப் பணத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் ஐந்து டெசிபல் மிச்சம், தவிலுக்கும் இடம் கிடைக்கும்.