அலாரத்தின் நினைவகத்தில் தமிழுக்கு இடமில்லையா?

வீட்டுப் பாதுகாப்பு அலாரத்தின் நினைவகத்தைத் தயாரித்தவரைத் தவிர வேறெவரும் தொடக்கூடாது, பூட்டுத்தான் பாதுகாப்பு என்று வாதாடுவோர் பெருகிவிட்டார்கள். அதில் பாதிதான் சரி.

மென்பொருளை இரண்டு பிரதியாக வைத்து, புதியது பழுதானால் பழையதற்குத் திரும்பும் ஏற்பாடு நல்லது. சென்சாரின் அளவுத்திருத்த எண்களைத் தனியே காப்பதும் அப்படியே. 2014இல் நெஸ்ட் புகை அலாரத்தில், கையசைத்தால் ஒலி அடங்கும் வசதியே ஆபத்து என்று தெரியவந்தது. அமெரிக்காவில் சுமார் 4 இலட்சத்து 40 ஆயிரம் கருவிகள் மீளழைப்புக்கு உள்ளாகின; இணையத்தில் இருந்தவற்றுக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பே போதுமாயிற்று. ஒழுங்கான நினைவகத்தால் வந்த நன்மை அது.

என் வழக்கு குரலைப் பற்றியது. மலிவான அலாரங்கள் பலவற்றில் குரல், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சில்லில் பதிந்து வருகிறது. விலை கூடியவற்றில் மென்பொருளோடு சேர்த்துப் பூட்டப்படுகிறது. இரண்டிலும் தமிழ் இல்லை.

2021 கடைசியில் இலங்கையெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளைக் கல்முனையில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். சாய்ந்தமருதில் சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு வீட்டை எடுங்கள். நடுச்சாமம், குசினியில் கசிவு. சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு படியும். அலாரம் 'கீ' என்று கத்துகிறது. திடுக்கிட்டு எழும் உம்மம்மாவின் கை முதலில் எங்கே போகும்? லைட் சுவிட்சுக்கு. அந்தப் பொறி ஒன்றே போதும். 'சுவிட்சைத் தொடாதீங்க, கதவைத் திறங்க, ரெகுலேட்டரை மூடுங்க' என்று சைரன் சொல்லாது. ஆங்கிலக் குரல் சொன்னாலும் அவருக்கு அதுவும் சைரன்தான். மௌத் அறிவித்தலைக்கூட பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தமிழில் கேட்கும் ஊர் இது.

அமெரிக்காவின் ஒஹாயோவில் 5 முதல் 12 வயதுவரையான 176 பிள்ளைகளிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், உம்மாவின் குரலுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் விழித்தார்கள். வழமையான அலாரச் சத்தத்துக்குப் பாதிப்பேர்தான். இதற்குப் பிறகும் குரலை ஓர் அலங்காரமாக நினைப்பவரை என்ன செய்வது?

இடம் போதாது என்ற சாக்கும் எடுபடாது. தொலைபேசித் தரத்தில் சுருக்கிய பேச்சுக்கு ஒரு விநாடிக்கு 4 கிலோபைட் போதும். பத்து விநாடி எச்சரிக்கைக்கு 40 கிலோபைட். 2 மெகாபைட் சில்லில் ஐம்பதில் ஒரு பங்கு. நெஸ்டில் அமெரிக்கர் ஆங்கிலமோ ஸ்பானியமோ தேர்ந்தெடுக்கலாம். ஆகவே வழி தெரியாமலில்லை. தயாரிப்பாளர்கள் நம்மை வாங்குவோராக மட்டும் எண்ணுகிறார்கள்.

குரலை மட்டுமாவது நாமே ஏற்ற விடுங்கள் என்கிறேன். யாராவது பொய்க்குரலை ஏற்றிவிட்டால்? சைரனும் சென்சார் கணக்கும் பூட்டிய பகுதியிலேயே கிடக்கட்டும். குரலுக்குத் தனிப்பகுதி ஒதுக்கி, கருவியின் உள்பொத்தானை அழுத்தினால் மட்டும் அதில் எழுத விடலாம். சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் குரல் வராது, சைரன் மட்டும் ஒலிக்கும். இன்று நம் வீடுகளில் ஒலிப்பதும் அதுதானே.