கூசிய கரங்கள்

ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சீமான்களைக் கண்டால் சினம் பிறக்கும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். நம் மேடைகளும் நாடகங்களும் நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. ஆனால் சினம் பின்னால் வருவது. பலருக்கு வராமலே போய்விடுவது. முதலில் வருவது கூச்சம்! அந்தக் கூச்சத்தை ஒளிவுமறைவின்றித் தீட்டிய நாவல், ஆங்கில ஆசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1860-61ல் வார இதழொன்றில் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’.

பிப், தாய் தந்தையற்ற சிறுவன். அக்காளின் கணவன் ஜோ, கொல்லன். அவனே பிப்பின் ஒரே தோழன். உலைக்களத்து ஒளியிலே வளர்ந்த அச்சிறுவனை, விளையாடி மகிழ்விப்பதற்கென்று ஒரு சீமாட்டியின் மாளிகைக்கு அனுப்புகிறார்கள். அங்கே எஸ்டெல்லா என்னும் சிறுமி அவனோடு சீட்டாடுகிறாள். அவன் பேச்சை எள்ளுகிறாள். கரடுமுரடான கையைக் கண்டு நகைக்கிறாள். கனத்த காலணியைக் கண்டு நகைக்கிறாள். அவ்வளவுதான்! அடிக்கவில்லை, துரத்தவில்லை. அதுநாள்வரை தன் கையைக் கையென்று மட்டுமே கண்டவன், அன்று முதல் அதை மாளிகையின் கண்கொண்டு பார்க்கிறான். எஸ்டெல்லாவை வெறுத்தானா? இல்லை. ஜோ நாகரிகமாக வளர்க்கப்பட்டிருந்தால் தானும் அவ்வாறு வளர்ந்திருக்கலாமே என்று ஏங்கினான். பழி எங்கே போய் விழுகிறது, பார்த்தீர்களா?

பள்ளியிலே பாடம் சொல்லும் நமக்கு இது புதிதன்று. காரில் வந்திறங்கும் பிள்ளையோடு தோழமை கொண்ட சிறுவன், தன் தந்தை அழுக்கு வேட்டியோடு வாயிலில் வந்து நின்றால், “யாரோ” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

டிக்கன்ஸுக்கு இது ஏட்டறிவன்று. 1824ல் அவருக்கு வயது 12. ரொட்டிக்கடைக்காரருக்குத் தரவேண்டிய கடனுக்காகத் தந்தை மார்ஷல்சீ சிறையில் அடைபட்டார். மகனோ, தேம்ஸ் கரையோரத்துக் காலணி மைத் தொழிற்சாலையில் மைச் சிமிழ்களுக்குச் சீட்டு ஒட்டினான். புகழேணியின் உச்சியிலே நின்றபோதும் அந்நாட்களை அவர் ஊரறியச் சொன்னதில்லை. 1870ல் அவர் மறைந்த பின்னர், நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வரலாற்றால்தான் உலகம் அறிந்தது. ஏழைக்காக எழுதிக் குவித்த பேனா, “அந்த ஏழைச் சிறுவன் நானே” என்று வெளிப்படச் சொல்ல நாணிற்று!

மாளிகையின் செல்வம் எங்கிருந்து வந்தது? மது காய்ச்சிய ஆலையிலிருந்து. ரொட்டி சுடுபவன் கனவானாக முடியாது, மது காய்ச்சுபவன் ஆகலாம் என்று நாவலில் ஒரு பாத்திரம் விளக்குகிறது. நம் நாட்டுத் தொழில்-சாதி ஏற்பாடு எவ்வளவு அறிவுடையதோ, அவ்வளவு அறிவுடையது இதுவும்! பின்னாளில், முகம் தெரியாத ஒருவர் தந்த பணத்தால் பிப் லண்டன் கனவானாகிறான். தந்தவள் சீமாட்டி என்றெண்ணிப் பூரிக்கிறான். உண்மையில் தந்தவன், நாடுகடத்தப்பட்டு நியூ சவுத் வேல்ஸில் ஆடு வளர்த்துப் பொருளீட்டிய மாக்விட்ச் என்ற கைதி! செய்தி அறிந்ததும் பிப் அருவருக்கிறான். மது ஆலைப் பணம் மணத்தது. உழைத்தவன் பணம் நாறிற்று. பின்னர் அவன் மனம் மாறுவது வேறு கதை.

1949ல் படமாக வந்த அண்ணாவின் ‘வேலைக்காரி’யை இதனருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தந்தையைத் தூக்குக் கயிற்றுக்குத் துரத்திய வேதாசல முதலியார்மீது ஆனந்தனுக்கு மூண்டது பழிவெறி. அவன் சீமான் வேடம் பூணுவது, சீமானாக ஏங்கியன்று, சீமானை வீழ்த்த. அந்தத் துணிவு பிப்புக்கு இல்லை. ஆனால், ஆனந்தன் சிறுவனாயிருந்தபோது முதலியார் மாளிகையைப் பார்த்து என்ன நினைத்தான் என்பதை நம் நாடகம் சொல்லவில்லை. கொட்டகையில் கைதட்டிய இளைஞருள் எத்தனை பேர், வீடு திரும்பியதும் தம் தாயின் கந்தலைக் கண்டு கூசினரோ!

டிக்கன்ஸிடமும் நமக்கொரு குறை உண்டு. ஜோ, லண்டனுக்குப் பிப்பைப் பார்க்க வருகிறான். தான் வளர்த்த பிள்ளையையே “ஐயா” என்றழைத்துத் தடுமாறுகிறான். பின்னர், நோயுற்ற பிப்புக்குப் பணிவிடை செய்து, அவன் கடனையும் அடைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே ஊர் திரும்புகிறான். நம் கண் கசிகிறது, உண்மை. ஆயினும், இரும்பை அடித்து வளைக்கும் அந்தக் கைகள் ஒரு தடவையேனும் மாளிகைக் கதவை ஓங்கித் தட்டியிருக்கக் கூடாதா?