கிரிக்கெட் 07-க்கு அடுத்த பாகம் எழுதினது யாரு?

ஈஏ நிறுவனத்தின் 'கிரிக்கெட் 07' 2006 நவம்பரில் வந்தது. அதற்கடுத்த பாகம் பிசிக்கு வரவே இல்லை. ஆனாலும் நம்மூர்ப் பையன்கள் அதை விடவில்லை. வெறும் பழைய நினைப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா தவிர மற்ற அணிகளுக்கு அதில் உரிமம் கிடையாது. நம்ம வீரர்களின் பெயர்களே திரிந்து வந்தன. ரசிகர்கள் ஃபைலைத் திருத்திச் சரியான பெயர் போட்டார்கள். அப்புறம் ஜெர்சி, ஸ்டேடியம், 2008-இல் தொடங்கிய ஐபிஎல் எல்லாமே பேட்ச்சாக வந்தது. அடுத்த பாகத்தை அவங்களே எழுதிக்கிட்டாங்க.

2014-இல் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸின் 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 14' வந்தது. ரசிகர்களே அணிகளை உருவாக்கிப் பகிர 'கிரிக்கெட் அகாடமி'யும் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்திருந்தார்கள். ஆனாலும் '07 மாதிரி இல்ல' என்ற புலம்பல் நிற்கவில்லை.

அதில் இரண்டு புகார்கள் கலந்து கிடக்கின்றன. பந்து எங்கே குத்தும் என்று 07 முன்கூட்டியே பிட்ச்சில் குறி காட்டிவிடும். புதியதில் நாமதான் கணிக்கணும். நிஜ கிரிக்கெட் அதுதானே! இந்தப் புகாரில் நியாயமில்லை.

இன்னொன்று நியாயமானது. புதியதை பிசியில் ஆட கன்ட்ரோலர் கட்டாயம். நாகர்கோவில் பிரவுசிங் சென்டரோ காலேஜ் ஹாஸ்டலோ, ஒரே கீபோர்டை ரெண்டு பேர் பங்குபோட்டு ஆடிய கூட்டம் இது. அவர்களுக்கு வாசலே அடைபட்டது. கேம் கடினமானால் பழகிக்கலாம். உள்ளேயே விடாவிட்டால் என்ன செய்ய?