ஏழாவது அணி கொல்லத்துக்கு, எல்லைக் கடற்கரைக்கு முதலில் மைதானம்

சூப்பர் லீக் கேரளாவில் ஆறு அணிகள் ஆடுகின்றன: கண்ணூர், கோழிக்கோடு, மலப்புறம், திருச்சூர், கொச்சி, திருவனந்தபுரம். கொச்சியும் அதற்கு வடக்குமாக ஐந்து, தெற்கே ஒன்றே ஒன்று. கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே சாலைவழி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அந்த நீளத்தில் ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை, கொல்லம் என நாலு மாவட்டத்து ரசிகர்களுக்கும் ஊர்ப்பேர் சொல்லிக் கூச்சலிட ஓர் அணி இல்லை. இரண்டு பருவங்கள் முடிந்த நிலையில் ஏழாவது அணி வேண்டும் என்ற பேச்சு எழுவதில் வியப்பில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் குளத்தூர், பொழியூர், பாறசாலைப் பக்கத்துப் பேச்சு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சந்தோஷ் டிராபி கிராமம் என்று கேரளம் முழுக்கப் பேர் வாங்கிய பொழியூர் நம் குளத்தூர் பஞ்சாயத்தில்தானே இருக்கிறது, நெய்யாற்றின்கரைக்கு ஓர் அணி வந்தால் என்ன என்று கேட்கிறார்கள்.

அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இரண்டு பருவ ஆட்டங்களையும் வைத்துப் பார்க்கையில் லீக் பெரிதாக வேண்டும், அடுத்த அணி கொல்லத்துக்குப் போக வேண்டும், நம் கடற்கரை அணிக்கு முன்னால் பயிற்சி மையத்தையும் புல்தரையையும் கேட்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

முதலில் மைதானக் கணக்கு. 2024 செப்டம்பர் 7-ஆம் தேதி கொச்சியில் லீக் தொடங்கியபோது ஆறு அணிகளில் இரண்டுக்குச் சொந்த ஊரில் களம் கிடையாது. கண்ணூர் வாரியர்ஸ் கோழிக்கோட்டு இ.எம்.எஸ். ஸ்டேடியத்திலும், திருச்சூர் மேஜிக் மஞ்சேரி பய்யநாட்டிலும் தங்கள் 'சொந்த' ஆட்டங்களை ஆடின. ஊர்ப்பேரை முதுகில் எழுதிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் ஐந்து ஆட்டம். திருச்சூர் அந்தப் பருவத்தில் அரையிறுதிக்குக்கூட வரவில்லை. கண்ணூர் அரையிறுதி வரை வந்து கொச்சியிடம் தோற்றது. 2025-இல் கண்ணூருக்கு ஜவஹர் ஸ்டேடியமும் திருச்சூருக்குக் கார்ப்பரேஷன் ஸ்டேடியமும் கிடைத்தன. அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் மோதியவை எவை? கண்ணூரும் திருச்சூரும். முந்தைய ஆண்டு வீடில்லாமல் திரிந்த அதே இரண்டு அணிகள். கோப்பை கண்ணூருக்கு, அதுவும் சொந்த ஜனத்தின் முன்னால்.

மைதானம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆட்டக்காரர்கள் மாறினார்கள், அணிகள் ஒரு வருடம் சேர்ந்து ஆடிப் பழகின. ஆனாலும் தினமும் பயிற்சி எடுக்கும் புல்லிலேயே ஆடுவதும், எண்பதாவது நிமிடத்தில் கால் கனக்கும்போது ஊரே பின்னால் நின்று கத்துவதும் தரும் பலம் சின்னதல்ல. இரண்டு அணிகளின் பாரத்தை ஒரே மைதானம் சுமக்கும்போது புல் தேயும். பந்து குதித்து ஓடும். குறுக்கே நீளமாகப் பந்து மாற்றி ஆடும் அணிதான் முதலில் தடுமாறும். 2024-இல் மஞ்சேரியிலும் கோழிக்கோட்டிலும் பத்துப் பத்து லீக் ஆட்டங்கள் நடந்ததை மறக்க வேண்டாம்.

அடுத்து எண்ணிக்கை. ஆறு அணிகள் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதினால் 30 ஆட்டங்கள், ஓர் அணிக்குப் பத்து. ஏழு என்றால் 42, ஓர் அணிக்குப் பன்னிரண்டு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா உட்கார வேண்டும். எட்டு என்றால் 56, ஓர் அணிக்குப் பதினான்கு. அதாவது இரண்டு அணி கூடினால் ஆட்டங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஓர் இளம் ஆட்டக்காரனுக்குப் பத்து ஆட்டம் என்பது மிகக் குறைவு. முதல் மூன்றில் காயம், அடுத்த இரண்டில் பெஞ்ச் என்றாகிவிட்டால் அவன் பருவமே முடிந்தது. பதினான்கு ஆட்டம் இருந்தால் மீண்டு வர வாய்ப்புண்டு. அதனால் எட்டு அணி என்ற இலக்கு சரி. ஏழில் நீண்ட நாள் நிற்கக் கூடாது என்பதும் சரி.

கொல்லத்தை ஏன் முதலில் சொல்கிறேன்? நகர நடுவில் லால் பகதூர் சாஸ்திரி ஸ்டேடியம் இருக்கிறது. குண்டறை அலிண்ட் ஆலை அணியைக் கண்ட மாவட்டம் அது. கடற்கரையும் உண்டு, கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையில் விழுந்திருக்கும் பெரிய வெற்றிடத்தையும் அது நிரப்பும். எட்டாவது அணியை வடக்கே காசர்கோட்டுக்குக் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. கால்பந்து வீரர் முகமது ரஃபியைத் தந்த திருக்கரிப்பூர் அங்கேதான் இருக்கிறது.

நெய்யாற்றின்கரைக்கு இப்போதே அணி கேட்பதில் என்ன தவறு? திருவனந்தபுரம் கொம்பன்ஸ் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் ஆடுகிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து அது இருபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டாவது அணி வந்தால் ஒரே மாவட்டத்து ரசிகர்களையும் விளம்பரதாரர்களையும் இரண்டாகப் பிய்க்க வேண்டிவரும். இங்கே இரவு ஆட்டத்துக்கு விளக்குகளும் காலரியும் உள்ள களமும் இல்லை. கடைசியில் 'நெய்யாற்றின்கரை' என்று பேர் வைத்துக்கொண்டு அதே சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில்தான் போய் ஆடுவார்கள். கண்ணூரும் திருச்சூரும் 2024-இல் பட்ட பாடு நமக்கு எதற்கு?

பேரும் ஊரும் ஒட்டாத கிளப்புகளின் கதை நமக்குத் தெரியாததல்ல. சென்னை சிட்டி என்ற பேரில் கோயம்புத்தூரில் ஆடிய கிளப் 2018-19 ஐ-லீக்கை வென்றது. தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அது பெரிய நாள். இன்று அந்த கிளப் எந்தத் தேசிய லீக்கிலும் இல்லை. பேரும் ஊரும் ஒட்டினால் மட்டும் போதாது, பணமும் வேண்டும்: 1997-இல் தொடங்கிய எஃப்.சி. கொச்சின் அதே ஆண்டில் டூரண்ட் கோப்பையை வென்றது. ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி போன்றவர்கள் ஆடிய அணி அது. சில ஆண்டுகளில் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் மூடப்பட்டது. தேசிய அளவில் பாருங்கள்: 2014-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய ஐ.எஸ்.எல். 2024-இல் பதின்மூன்றாக வளர்ந்தது. மறு ஆண்டு ஜூலையில், நடத்தும் நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலால், அடுத்த பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். அணிகள் கூடியதால் அது நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அணிகள் கூடியது எந்த ஆட்டக்காரனின் சம்பளத்தையும் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை.

இனி நம் கடற்கரைக்கு வருகிறேன்.

பூவாரிலிருந்து பொழியூர், தெற்கு கொல்லங்கோடு வழியாக நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் வரை ஒரே மணல், ஒரே தொழில், ஒரே ஆட்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. அதற்கு முன் இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். இன்றும் பொழியூர்ப் பையனும் நீரோடிப் பையனும் ஒரே கோப்பைக்கு ஆடுகிறார்கள், ஒருவன் அணியில் மற்றவன் விருந்தாளியாக இறங்குகிறான். எழுவர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் எல்லைக்கோட்டை யாரும் பார்ப்பதில்லை.

இவர்கள் ஆட்டத்துக்கு ஒரு தனி முகம் இருக்கிறது. மணலில் பந்து உருளாது. ஆகவே பந்தைக் காலிலிருந்து சற்றே தூக்கி எடுத்துப் போகும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடும். முதல் தொடுகையை மார்பிலோ தொடையிலோ வாங்குவார்கள். கால் புதையும் தரையில் ஓடி ஓடிக் கணுக்காலும் பின்தொடையும் இறுகியிருக்கும். முதல் மூன்று எட்டில் எதிராளியைத் தாண்டிவிடுவார்கள். அதனாலேயே இந்தப் பக்கம் அதிகம் விளைவது விங் ஆட்டக்காரர்களும் வேகமான முன்களக்காரர்களும்தான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜின் இடதுகால் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சென்னை சிட்டிக்காக 2017-18 ஐ-லீக்கில் சிறந்த நடுக்கள வீரர் விருதை வாங்கி, பின்பு ஜம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று போனவர் அவர். திருவனந்தபுரம் வெட்டுக்காட்டிலிருந்து வந்து மின்வாரிய அணியிலும் பிறகு ஈஸ்ட் பெங்காலிலும் ஆடிய ஜோபி ஜஸ்டினும் மணலில் வளர்ந்தவரே.

குறையும் இதே மணலில்தான் இருக்கிறது. புல்தரையில் பந்து வேகமாக ஓடும். மணலில் பழகியவன் அதை ஒரு எட்டு தாமதமாக எட்டுவான், அல்லது மிதித்துத் தாண்டிவிடுவான். பதினொருவர் ஆட்டத்தில் தடுப்பு வரிசையாக நகர்வது, பந்து இல்லாத நேரத்தில் இடத்தை அடைப்பது, எதிரணி பந்தை மாற்றும்போது பத்து மீட்டர் உள்ளே வருவது ஆகியவை செவன்ஸில் வராத பாடங்கள். இவற்றைப் பதினான்கு வயதில் கற்றுக்கொடுக்க வேண்டும். இருபது வயதில் தேர்வு முகாமுக்கு வந்து நிற்கும்போது நேரம் கடந்துவிடுகிறது. நம் பையன்கள் தேர்வு முகாம்களில் பின்தங்குவதற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்குக் கிடைக்காதது பதினொருவர் ஆடும் அளவுள்ள புல்தரையும், அதில் ஆண்டு முழுக்க நின்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரும்.

மணலும் இப்போது கையை விட்டுப் போகிறது. பொழியூரிலும் தெற்கு கொல்லங்கோட்டிலும் கடல் வீடுகளையும் சாலையையும் அரித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் தூண்டில் வளைவு போட்ட பிறகு இந்தப் பக்கம் அரிப்பு கூடியது என்று கடற்கரை ஜனம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வீடு போவது பெருந்துயரம், அதற்கு முன் விளையாட்டு ஒரு பொருட்டல்ல. ஆனால் சாயங்காலம் பந்து உதைத்த இடமும் அதே அலையில்தான் போகிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். சந்தோஷ் டிராபி வீரர்களை வளர்த்த தரை அது.

இன்னொன்று பிழைப்பு. முன்பு இந்தப் பக்கத்துப் பையன் நன்றாக ஆடினால் டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர், மின்வாரியம், போலீஸ் என்று வேலை கிடைத்தது. அந்த வேலைதான் வீட்டாரைச் சம்மதிக்க வைத்தது. 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் 4-2 என்று வீழ்த்திக் கேரளம் பதினான்கு ஆண்டுக்குப் பின் சந்தோஷ் டிராபியை வென்றதே, கடைசி உதையை வலைக்குள் அனுப்பிய திருவனந்தபுரத்து வீரர் சீசனும் வங்கி அணியில் ஆடியவர்தான். திருவிதாங்கூர் வங்கி 2017-இல் ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. ஆட்டத் திறமைக்குத் தரும் வேலைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. சூப்பர் லீக் ஒப்பந்தம் சில மாதங்களுக்கானது. மீதி மாதங்களில் அவன் அப்பாவோடு படகேற வேண்டும், அல்லது வளைகுடாவுக்கு விசா தேட வேண்டும். அணியை எட்டாக்கினாலும் பதினாறாக்கினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தானாக வராது.

எனவே நம் கோரிக்கை இப்படி இருக்கட்டும். கொம்பன்ஸ் நம் அணி என்றால், அதன் ஆண்டு முழுவதுமான இளையோர் பயிற்சி மையம் ஒன்று நெய்யாற்றின்கரைக்கும் பொழியூருக்கும் இடையில் வர வேண்டும். முதல் பருவத்தில் பிரேசில் பயிற்சியாளரையும் பிரேசில் வீரர்களையும் கொண்டுவந்து அரையிறுதி வரை போன கிளப் அது. அந்தத் தேடலில் ஒரு பங்கு முப்பது சொச்சம் கிலோமீட்டர் தெற்கே திரும்பினால் போதும். பஞ்சாயத்தும் மாநில அரசும் அரிப்பு எட்டாத உள்நிலத்தில், பதினொருவர் ஆடும் அளவுக்கு, விளக்கோடு ஒரு புல்தரை அமைக்க வேண்டும். அது வந்தபின் ஒரு கடற்கரை கிளப் கேரள பிரீமியர் லீக்கில் ஆடட்டும். சூப்பர் லீக்கில் உரிமம் வாங்கித்தான் சேர முடிகிறது, கீழிருந்து வென்று ஏறும் வழி இல்லை. எட்டு அணிகளாகும் அன்று அந்த வழியையும் திறக்கச் சொல்லிக் கேட்போம். அப்படி ஏறி வரும் அணிக்கு ஊர் எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

ஆட்டங்கள் இரவு ஏழரைக்குத் தொடங்குகின்றன. முடிந்து வெளியே வரும் பொழியூர்க்காரர் வீடு சேர பஸ் வேண்டும். ஆட்ட நாளில் ஸ்டேடியத்திலிருந்து பாறசாலைக்கும் பொழியூருக்கும் கே.எஸ்.ஆர்.டி.சி. இரண்டு வண்டி விட்டால் கொம்பன்ஸ் காலரியின் தெற்குப் பக்கம் நிரம்பும். இதற்குப் புது அணி தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

எல்லா லீக்குகளும் கைவைக்கத் தயங்கும் இடம் ஒன்று உண்டு: எல்லைக்கோடு. நீரோடிப் பையன் தமிழ்நாட்டுச் சங்கத்தில் பதிவானவன். ஒரு கேரள கிளப்பின் கணக்கில் அவன் சிலிகுரியிலிருந்து வருபவனைப் போல வெளிமாநிலத்தான். ஆனால் அவன் வீட்டுக்குச் சென்னை எழுநூறு கிலோமீட்டர், திருவனந்தபுரம் நாற்பதுக்குள். இரண்டு மாநிலச் சங்கங்களும் உட்கார்ந்து பேசி, எல்லையை ஒட்டிய கடற்கரைக் கிராமங்களின் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை இரண்டு பக்கத்து கிளப்புகளிலும் உள்ளூர்க்காரராக எண்ண ஓர் ஏற்பாடு செய்யலாம். சந்தோஷ் டிராபிக்கு அவன் தமிழ்நாட்டுக்கே ஆடட்டும், அதில் தகராறில்லை. கிளப் கால்பந்து வேறு. இந்த ஏற்பாட்டால் தமிழ்நாட்டுக்கு நட்டமும் இல்லை. பதினைந்து வயதில் நல்ல பயிற்சி பெற்றவன் இருபதில் இன்னும் கூர்மையாகத்தான் திரும்பி வருவான்.

மூன்றாவது பருவத்துக்கான தேர்வுகள் தொடங்கும்போது கொம்பன்ஸ் தன் முகாம்களில் ஒன்றை இங்கே, நம் பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில், நடத்தட்டும். எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டட்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று அன்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்பதாவது அணியைப் பற்றிப் பேசலாம்.