கல்யாண ஆல்பமும் ஒரு கற்றுக்குட்டியும்

கல்யாண ஆல்பங்களை யாரும் விமரிசனம் செய்வதில்லை. நாவலை விமரிசிக்கிறோம், சினிமாவை விமரிசிக்கிறோம், கச்சேரி முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே பாடகரை விமரிசிக்கிறோம். ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் ஆல்பத்தைத் தூக்கி மடியில் வைத்துவிட்டால், "நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறது. நம் நடுத்தர வீடுகளில் நாவலைவிட அதிகமாகப் புரட்டப்படும் புத்தகம் இதுதான் என்பது என் சந்தேகம். ஆகவே ஒரு நாவலாசிரியன் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதில் தவறில்லை. அதோடு, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நானே ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்துக் கெடுத்திருக்கிறேன். அந்த வகையில் எனக்கு உரிமை கொஞ்சம் கூடுதல்.

அது நடந்தது குரங்கணியில். குரங்கணி என்றால் இப்போது எல்லோருக்கும் 2018 மார்ச் மாதத்துக் காட்டுத்தீதான் நினைவுக்கு வருகிறது. நான் போனது அதற்கு 30 வருஷம் முன்னால், 1988-ல். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு அப்போது மீட்டர் கேஜ் ரயில் உண்டு. (2010 கடைசியோடு நின்றுபோன அந்த ரயில், அகலப் பாதையாகி மறுபடி போடி வந்து சேர 2023 ஆயிற்று.) போடியிலிருந்து மலையடிவாரத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர், பஸ்ஸில். மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு இறங்கிய பள்ளத்தாக்கு அது. மேற்கே மலை சுவர் மாதிரி நிற்பதால் சாயங்காலம் நேரத்தோடேயே வந்துவிடும்.

என் நண்பர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அவர் மகளுக்குக் கல்யாணம். ஸ்டூடியோக்காரரை அமர்த்த ஆகும் செலவைக் கேட்டு அவர் மிரண்டு போயிருந்த சமயத்தில், இரவல் வாங்கிய ஜப்பான் கேமரா ஒன்று என்னிடம் இருப்பதாகக் கடிதத்தில் எழுதித் தொலைத்தேன். பதில் தபாலிலேயே வந்துவிட்டது: "நீயே எடுத்துவிடு."

36 படம் எடுக்கக்கூடிய ரோல் இரண்டு வாங்கிக்கொண்டேன். பிளாஷ் விளக்கும் இரவல்தான். கேமராவின் சொந்தக்காரர் ஒரு விஷயத்தை மூன்று முறை சொல்லி அனுப்பினார். பிளாஷ் போட்டால் ஷட்டர் 60-ல் இருக்க வேண்டும்; அதற்கு மேல் போகக்கூடாது. உள்ளே ஒரு துணித் திரை பக்கவாட்டில் ஓடுகிறது. விநாடியில் 60-ல் ஒரு பங்கு வரை அது முழுவதும் திறந்து மூடும். அதைவிட வேகமாக வைத்தால் முழுவதும் திறப்பதே இல்லை. ஓர் இடைவெளி மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்து போகும். பிளாஷ் மின்னுவதோ ஒரு கண நேரம். திரை விலகியிருக்கும் இடத்தில் வெளிச்சம் விழும். மற்ற இடம் இருட்டு. இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல்நாள் இரவு 60-ல் வைத்து நிச்சயதார்த்தப் படங்களைச் சுமாராகவே எடுத்தேன். விடிந்ததும் வாசலில் வெயில். வாழை மரத்தையும் நாதஸ்வரக்காரர்களையும் எடுக்க 125-க்குத் திருப்பினேன். பிறகு முகூர்த்தத்துக்குப் பந்தலுக்குள் ஓடினேன். நோட்டுச் சட்டைப் பையில் இருந்தது.

அந்த வீட்டில் ஒரு அத்தை. பெண்ணுக்குத் தாய் இல்லை. ஐந்து வயதிலிருந்து வளர்த்தது அப்பாவின் அக்காதான். கணவனை இழந்தவர். காலையில் சமையல் கொட்டகைப் பக்கம் கேமராவைத் தூக்கியபோது அவர் கையை ஆட்டித் தடுத்தார். "என்னையப் பிடிக்காதீங்கய்யா. விசேச வீட்டுல ஆகாது. அங்கிட்டுப் போயி பொண்ணப் பிடிங்க" என்றார். நான் கேமராவை இறக்கிவிட்டேன். யார் யாரை எடுக்க வேண்டும் என்று நண்பர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். பெண்ணை வளர்த்தவள் அதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கக்கூட இல்லை.

படங்களை மதுரைக்கு அனுப்பிக் கழுவி வாங்கினோம். முகூர்த்தப் படங்கள் 11-ம் பாதி இருட்டு. தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் இருட்டுப் பாதியில் மாட்டிக்கொண்டார்கள். சாம்பல் நிறத்தில் இரண்டு உருவம், அவ்வளவுதான். வெளிச்சப் பாதியில், மணவறைக்குப் பின்னால் இருந்த கதவோரத்தில், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றார். எல்லோரும் தாலியைப் பார்க்கும் நேரம் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை வர்ணிக்க நான் பிற்பாடு ஒரு நாவலில் இரண்டு பக்கம் செலவழித்தேன், வரவில்லை.

கல்யாண ஆல்பத்தில் நாம் குறை சொல்ல வேண்டியது எதை? வெளிச்சம் போதவில்லை, தலை வெட்டுப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் சில்லறைக் குறைகள். தொழில் தெரிந்தவர் படத்தில் அவை இருப்பதில்லை. அவர் படத்தில் உள்ள குறை, அவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருப்பது. எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டும், முக்கியமாக யாரைச் சேர்க்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. முதல் அத்தியாயம் எழுதும்போதே கடைசி அத்தியாயம் தெரிந்துவிட்ட தொடர்கதை ஆசிரியரைப் போன்றவர் அவர். பாத்திரங்கள் அதற்குப் பிறகு மூச்சு விடுவதில்லை. ஒரு ஆல்பத்தில் உள்ள மணமக்களைக் கத்தரித்து இன்னொன்றில் ஒட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. எத்தனையோ வாரத் தொடர்களுக்கும் இதைச் சொல்லலாம். என்னுடையதில் இரண்டுக்குச் சொல்லலாம்.

இந்த விறைப்புக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. லின்னயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் மதுரையைப் படம் பிடித்தார். மீனாட்சி கோயிலும் நாயக்கர் மகாலும் அவற்றில் தூண் தூணாக நிற்கின்றன, ஆள்தான் அபூர்வம். அந்தக் காலத்துத் தகடுக்கும் தாளுக்கும் அசையாத பொருள்தான் அகப்படும். பிறகு வந்த ஸ்டூடியோக்காரர்களும் மனிதர்களைத் தூணாக்கித்தான் எடுத்தார்கள். கணவன் நாற்காலியில் உட்கார, மனைவி பக்கத்தில் நிற்க, பின்னால் எழுதிய திரை. கருவி மாறிற்று, ஃபிரான்ஸ்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் சின்ன லைக்கா கேமராவை வைத்துக்கொண்டு, கண நேரத்தைப் பிடிப்பதே கலை என்று 1952-ல் ஒரு புத்தகமே போட்டார். நம் நாட்டில் காந்திஜியின் இறுதி ஊர்வலத்தையும், 1950-ல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களையும் எடுத்தவர் அவர். அவருடைய புத்தகத்தின் பிரெஞ்சுத் தலைப்புக்கு, யாருக்கும் தெரியாமல் எடுத்த படங்கள் என்று பொருள் சொல்லலாம். நம் கல்யாணக்காரர்களோ தூணை விடவில்லை. இப்போது 'கேண்டிட்' என்று ஒன்று வந்திருக்கிறது: மணமக்கள் தற்செயலாகச் சிரிப்பதை நாலு தடவை ஒத்திகை பார்த்து எடுக்கிறார்கள். இதற்கும் பாரீஸில் முன்னோடி உண்டு. ராபேர் துவானோ 1950-ல் எடுத்த முத்தப் படத்தை உலகமே தற்செயல் என்று நம்பிற்று. நடிப்பு மாணவர்கள் இருவரைக் கூப்பிட்டு எடுத்தது என்று 1990-களில் வழக்கு வந்தபோது அவரே ஒப்புக்கொண்டார். அதனால் படம் கெட்டுப்போயிற்றா? எனக்கு அது நல்ல படமாகவே இருக்கிறது. ஜோடனை என்பதாலேயே ஒரு படத்தை நிராகரிப்பது சரியல்ல. நாவலும் ஜோடனைதானே?

இந்தப் படம் நன்றாக இருப்பதற்கு நான் காரணம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மறதி காரணம். ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் மறந்திருந்தாலும் இந்தப் படம் வந்திராது. அவர் அந்தக் கதவு தெரியாதபடிதான் நின்றிருப்பார்.

படங்களைக் கொடுக்கப் போனேன். நண்பர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாலிப் படம் வந்ததும், "ஏம்ப்பா, எம் மகளைக் காணோம், அக்காவைப் பிடிச்சு வச்சிருக்கே. சம்பந்தி வீட்டுல இதை எப்படிக் காட்டுறது?" என்றார். கோபம் அதிகமில்லை, பயம்தான் இருந்தது. அத்தை உள்ளேயிருந்து வந்து படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு உள்ளூர ஒரு நப்பாசை. விமரிசகர்கள் எல்லோருக்கும் இருக்கும் ஆசைதான். அந்த முகத்தில் நான் கண்டதை அவரும் கண்டு கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது:

"முன்னாடியே சொல்லியிருந்தா சேலையை இழுத்து விட்டிருப்பேன்ல."

கார்த்தியே-பிரெஸ்ஸோன் புத்தகம் முழுவதற்கும் இது ஒரு பதில் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. யாருக்கும் தெரியாமல் எடுத்த படத்தில் எடுத்தவனுக்குத்தான் உண்மை கிடைக்கிறது. எடுக்கப்பட்டவருக்குக் கசங்கிய சேலை கிடைக்கிறது. அத்தைக்கு வேண்டியிருந்தது, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, வளர்த்த பெண்ணின் பக்கத்தில், எல்லோரும் பார்க்க நின்று எடுத்த ஒரு படம். தூண் மாதிரி நின்றிருந்தாலும் அவருக்கு அதுதான் நல்ல படமாக இருந்திருக்கும். அதை எடுக்க என்னிடம் ரோலில் இடம் இருந்தது. முகூர்த்தம் முடிந்து ஏழு படம் மிச்சம். அவற்றில் மலையை எடுத்தேன்.

நண்பர் வீட்டு ஆல்பத்தில் அந்தப் படத்தை ஒட்டவில்லை. கல்யாணப்பெண் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு, புது ரயிலில் போடிக்குப் போயிருந்தபோது அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கே மகள் கல்யாணம் முடிந்திருந்தது. மூன்று தடித்த ஆல்பங்களை மடியில் வைத்தாள். கொழுக்குமலையில் மேகத்துக்கு நடுவே எடுத்த படங்களெல்லாம் இருந்தன. "நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்லிப் புரட்டினேன். கூடத்துச் சுவரில் அத்தையின் படம், சட்டம் போட்டு, மாலையோடு. வேறு படமே அவருக்குக் கிடையாதாம். இருட்டுப் பாதியைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

"இந்த ஓரத்துல மஞ்சளா என்னமோ தெரியுதே, அது என்னன்னு எம் மக கேக்குறா, மாமா" என்றாள். கிட்டே போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை கையிலிருந்து தொங்கிய மஞ்சள் கயிற்றின் நுனி.