அஞ்சத் தக்கது எது? – ‘கோஜிரா’ படமும் நம் பிள்ளைகளும்

அச்சமூட்டும் படங்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்னும் வினா பெற்றோர் கூடும் இடங்களிலெல்லாம் எழுகின்றது. பள்ளி விடுமுறைக்கு முன்னர் என் அறைக்கு வந்த தந்தையார் ஒருவர், “சார், புதுசா வந்த கோட்ஸில்லா படங்களைப் பார்த்துட்டு, முதன்முதல்ல வந்த ஜப்பான் படத்தையும் பார்க்கணும்னு பிள்ளைங்க ரெண்டு பேரும் அடம் பிடிக்கிறாங்க. காட்டலாமா, சார்?” என்று கேட்டார். மகள் நம் தோட்டப் பள்ளியில் படித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றவள், வயது பதின்மூன்று. மகன் இரண்டாம் ஆண்டில் பயில்கிறான்; வயது எட்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படந்தானே, பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று கூறி அவரை அனுப்பிவிடவே முதலில் எண்ணினேன். ஆயினும், ஆராயாமல் விடை கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு அப்படத்தை இருமுறை பார்த்தேன். அவருக்கு நான் அளித்த விடையின் விரிவே இக்கட்டுரை.

இத்தகைய வினாவுக்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. அச்சம் பிள்ளைகளுக்கு ஆகாது. ஆதலின் அச்சமூட்டும் படம் எதுவும் ஆகாது என்பர் ஒரு சாரார். எல்லாம் பொய்த்தோற்றமே, பார்த்துப் பழகினால் நெஞ்சுரம் வரும் என்பர் மற்றொரு சாரார். தணிக்கை செய்வோரோ வயதை எண்ணால் குறித்துவிட்டு அமைகின்றனர். அமெரிக்கத் திரைத்தொழிலார் பதின்மூன்று வயதை எல்லையாக வைத்துப் புதுப் பிரிவு ஒன்றை 1984இல் ஏற்படுத்தியதும், அவ்வாண்டு வந்த ‘கிரெம்லின்ஸ்’ முதலிய படங்களைக் கண்டு பெற்றோர் முறையிட்ட பின்னரேயாம். எண் வேண்டியதே. ஆனால், எவ்வளவு அச்சம் என்பதை ஒருவாறு காட்டும் அவ்வெண், எதற்கு அச்சம் என்பதைக் காட்டாது. அதனை அளக்கும் கோல் நம் முன்னோரிடத்தில் உண்டு.

தொல்காப்பியர் தந்த கோல்

மெய்ப்பாடு எட்டு எனக் கூறிய தொல்காப்பியர், அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நகையும் உவகையும் போல அச்சமும் மனித உள்ளத்தின் இயல்பே என்பது இதனாற் போதரும். அஃது எவற்றால் பிறக்கும் என்பதற்கும் நான்கு நிலைக்களங்களை வகுத்தார். அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் இறை ஒன்று. கண்ணுக்கு எட்டாத தெய்வத்தில் தொடங்கி, கண்ணெதிர் நிற்கும் விலங்கிற்கும், மறைந்து வரும் மனிதருக்கும், இறுதியில் அதிகாரத்துக்கும் அவ்வரிசை வந்து சேர்வதை நோக்குக. ‘கோஜிரா’ படத்தின் அச்சமும் ஏறத்தாழ இவ்வழியிலேயே நடக்கின்றது. அதனைக் காண்பதற்கு முன் அப்படம் பிறந்த ஆண்டைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

1954 மார்ச்சு 1ஆம் நாள், பசிபிக் மாக்கடலிலுள்ள பிக்கினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 15 மெகாடன். எதிர்பார்த்ததினும் இருமடங்குக்கும் மிகுதி. அப்பக்கம் மீன் பிடிக்கச் சென்றிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேல் வெண்சாம்பல் மழையெனப் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் கம்பியில்லாத் தந்தி இயக்கியவர் செப்டம்பர் 23ஆம் நாள் உயிர் நீத்தார். ஆறு வாரங்கள் கழிய, நவம்பர் 3ஆம் நாள் ‘கோஜிரா’ வெளிவந்தது. டோஹோ நிறுவனத்தார் தயாரித்த அப்படத்தை இயக்கிய இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து தாயகம் திரும்புகையில் குண்டு விழுந்த ஹிரோஷிமாவைத் தம் கண்ணாற் கண்டவர். கடலில் திடீரென ஒளி பாய்ந்து கப்பல் தீப்பற்றி மூழ்குவதாகப் படம் தொடங்குகிறது. அக்காட்சியை அன்றைய ஜப்பானியர் வெறுங் கற்பனையாகக் கண்டிருக்க மாட்டார்கள்.

அணங்கிலிருந்து இறை வரை

ஓடோ என்னும் தீவின் முதியவர், மீன் அகப்படாமைக்கும் கப்பல்கள் மூழ்குவதற்கும் கோஜிரா என்னும் பழைய கடல் தெய்வமே காரணம் என்கிறார். ஊரார் முகமூடி அணிந்து ஆடித் தெய்வத்தைத் தணிக்கப் பார்க்கின்றனர். இது முதல் அச்சம், அணங்கால் வருவது. பின்னர், மலைமுகட்டுக்கு மேல் அதன் தலை தோன்றுகிறது. யமானே என்னும் தொல்லுயிர் அறிஞர் அதன் காலடித் தடத்தை ஆராய்ந்து, அது பழங்கால விலங்கு என்றும், ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் தன் இருப்பிடத்தை விட்டு வெளிப்பட்டது என்றும் கூறுகிறார். இது விலங்கால் வரும் அச்சம். அதன் காலடியில் தங்கிய கதிர்வீச்சோ, ஓசையின்றி ஊர்க் கிணற்றில் புகுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் உட்புகுந்து உயிரைக் கொள்ளையிடும் அதனைக் கள்வர் வகையில் அடக்குதல் பொருந்தும்.

நான்காம் அச்சமே இப்படத்தின் உயிர். விலங்கின் பிறப்பைப் பற்றிய உண்மையை மக்களுக்கு அறிவிக்கலாமா என்று நாடாளுமன்றத்தில் பூசல் எழுகிறது. வெளிநாட்டு உறவு கெடும், மறைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். உண்மையைச் சொல்லுங்கள் என்று பெண் உறுப்பினர்கள் முழங்குகின்றனர். கோஜிராவைக் கொல்லும் கருவியைக் கண்டுபிடித்த இளம் அறிஞர் செரிசாவாவும் விலங்குக்கு அஞ்சவில்லை. தம் கருவியை ஆட்சியாளர் கண்டால் படைக்கலமாக்கி விடுவர் என்றே அஞ்சுகிறார். வேறு வழியின்றி அதனைப் பயன்படுத்த இசைந்தபோது, தம் ஆராய்ச்சித் தாள்களையெல்லாம் தீயிலிட்டுவிட்டுக் கடலில் இறங்குகிறார். விலங்கோடு தாமும் மடிகிறார். கல்வியும் தறுகண்மையும் கொடையும் பெருமிதத்தின் நிலைக்களங்கள் என்னும் இலக்கணத்திற்கு அவர் இலக்கியமாகிறார். அச்சத்தில் தொடங்கிய படம் பெருமிதத்திலும் அழுகையிலும் முடிகிறது. வெற்றி ஆரவாரம் இல்லை. குண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் மற்றொரு கோஜிரா எங்கேனும் தோன்றக்கூடும் என்று யமானே எச்சரிக்கிறார்.

எந்த வயதில் எது அஞ்சப்படும்?

இனிப் பிள்ளைகளின் உள்ளத்துக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் என்னும் அம்மையார் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்தார். சிறு குழந்தைகள் உருவத்துக்கு அஞ்சுகின்றனர். வளர்ந்த பிள்ளைகள் பொருளுக்கு அஞ்சுகின்றனர் என்பது அவர் ஆராய்ச்சியால் நாம் பெறும் தெளிவு. அணுப்போரைச் சித்திரித்த ‘தி டே ஆஃப்டர்’ என்னும் தொலைக்காட்சிப் படம் 1983இல் அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது, மிகச் சிறிய பிள்ளைகளே மிகக் குறைவாகக் கலங்கினர். அவர்களினும் பதின்ம வயதினரும், அவர்களினும் பெற்றோரும் மிகுதியாகக் கலங்கினர் என அவரும் அவருடன் ஆய்ந்தோரும் கண்டனர். கோர உருவம் எதுவும் இல்லாத இடத்தில் குழந்தைக்கு அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? பொருளை அறிந்தவனுக்கன்றோ நடுக்கம்!

இதனை முற்கூறிய கோலோடு இணைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும். எட்டு வயதுச் சிறுவன் அணங்கு, விலங்கு என்னும் இரு படிகளிலேயே நின்றுவிடுவான். இருளில் எழும் உருவமும், உள்ளத்தை உலுக்கும் அதன் ஓலமும், தீப்பற்றிய டோக்கியோ நகருமே அவன் காண்பவை. ஜப்பானிய உரையாடலின் கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை விரைந்து படிக்கவும் அவனால் இயலாது. ஆகவே, அச்சம் அவனிடம் தங்கும். அதற்குரிய காரணம் அவனைச் சேராது. காரணமற்ற அச்சத்தைக்கொண்டு பிள்ளை என்ன செய்வான்? இரவில் கழிப்பறைக்குத் தனியே செல்ல மறுப்பான், அவ்வளவே. பதின்மூன்று வயதுப் பெண்ணோ நான்காம் படிவரை ஏற வல்லவள். அவளும் அஞ்சுவாள், ஆனால் அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவாள். அஞ்ச வேண்டியதைக் கண்டும் அஞ்சாதிருத்தல் அறியாமையே என்பதன்றோ வள்ளுவர் கருத்து?

அவளுக்கும் மூன்று இடங்கள் கடினமானவை. நெருப்புச் சூழ்ந்த தெருவில் ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, இறந்துபோன தந்தையிடம் விரைவில் போய்விடுவோம் என்று தேற்றுவது ஒன்று. மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடித்த மருத்துவர், வாய் திறவாமல் தலையை மட்டும் அசைப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் விலங்கு இல்லை, குருதி இல்லை. ஆயினும் ஐம்பது வயது கடந்த நானே இரண்டாவது காட்சியில் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று எழுந்து நடந்தேன். மூன்றாவது, செரிசாவா தாமே தேடிக்கொள்ளும் சாவு. அது தியாகமாகப் போற்றப்படுகிறது. துயருற்றவர்க்குச் சாவே தீர்வு என்று இளம் உள்ளம் தவறாகக் கொள்ளாதபடி, பெரியவர் அருகிருந்து பேசுதல் கடமை.

மென்மையாக்கிய படம்

இவ்விடத்தில் சிலர், ஜப்பானியப் படம் கடுமையாயின் அமெரிக்கர் திருத்தி வெளியிட்ட படத்தைக் காட்டலாமே என்பர். 1956இல் வந்த அப்படத்தில், ஏறத்தாழ 96 நிமிடப் படம் 80 நிமிடமாகச் சுருங்கியது. ரேமண்ட் பர் என்னும் நடிகர் அமெரிக்கச் செய்தியாளராக வரும் காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. மூலப்படத்தில் தொடர்வண்டியிற் செல்லும் ஒரு பெண், நாகசாக்கியில் தப்பிப் பிழைத்தவள், மீண்டும் இந்தத் துன்பமா என்னும் கருத்துப்படப் பேசுவாள். அது நீக்கப்பட்டது. இறுதியில் யமானே கூறும் எச்சரிக்கையும் மறைந்து, உலகம் பிழைத்தது என்னும் ஆறுதலுரை அவ்விடத்தில் அமர்ந்தது.

இவர்கள் எதைக் குறைத்தனர்? உருவத்தைக் குறைக்கவில்லை, ஓலத்தைக் குறைக்கவில்லை, எரியும் நகரும் அப்படியே இருக்கிறது. குறைந்தது பொருளே. நான்கு படிகளுள் மேற்படியை அகற்றிவிட்டு, விலங்கோடு நிறுத்திவிட்டனர். எட்டு வயதுச் சிறுவனுக்கு அதனால் அச்சம் சிறிதும் தணியவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பெறவேண்டிய அறிவு கிட்டவில்லை. பிள்ளைகளுக்காகப் படத்தை மென்மையாக்குகிறோம் என்று கூறுவோர் பலரும் இப்பிழையையே செய்கின்றனர். அச்சத்தை விட்டுவிட்டு, அதன் காரணத்தை வெட்டி எறிகின்றனர்.

மூலப்படத்திலும் ஒரு குறை உண்டு. அதனை நாம் மறைத்தல் கூடாது. ஜப்பானியர் பட்ட துன்பத்தை உருக்கமாகக் காட்டும் இப்படம், ஜப்பானியப் படையால் பிறர் பட்ட துன்பத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1942 முதல் 1945 வரை இந்நாடு அவர்கள் பிடியில் இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். திரும்பாதோர் மிகப் பலர். அக்குடும்பங்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்றும் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். டோக்கியோவில் அழும் குழந்தைக்காக அவர்கள் கண்ணீர் சிந்தட்டும். அது மனிதப் பண்பு. ஆனால், சயாமில் மடிந்த தம் முன்னோரின் கதையையும் அன்றே கேட்கட்டும். இரண்டையும் ஒருங்கே அறிந்த பிள்ளைக்கே போர் என்பது எத்தகைய கொடுமை என்பது முழுமையாக விளங்கும்.

முடிபு

அத்தந்தையாருக்கு நான் கூறிய விடை இதுவே. மகளுக்குக் காட்டுங்கள், ஆனால் கைப்பேசியைக் கொடுத்துத் தனியே விட்டுவிடாதீர்கள். பகற்பொழுதில், கூடத்தில், நீங்களும் உடன் அமர்ந்து பாருங்கள். முன்கூட்டியே பிக்கினித் தீவின் கதையைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். படம் முடிந்ததும், ‘பயமாக இருந்ததா?’ என்று கேளாதீர்கள். ‘இதில் யாருக்கு நாம் அஞ்ச வேண்டும்?’ என்று கேளுங்கள். அவள் விலங்கின் பெயரைச் சொன்னால் படத்தை இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். குண்டைச் செய்தவரையோ உண்மையை மறைத்தவரையோ சொன்னால், அவளுக்கு அப்படம் ஏற்றதே.

மகனுக்கு இன்னும் சில ஆண்டுகள் போகட்டும். ஏமாற்றத்தால் அவன் அழுதால், அதே ஹோண்டா 1969இல் சிறுவர்க்கென இயக்கிய கோட்ஸில்லா படத்தைக் காட்டலாம். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட, பூட்டிய வீட்டுக்குத் தனியே திரும்பும் ஒரு சிறுவன், கனவில் கோட்ஸில்லாவின் குட்டியோடு நட்புக்கொண்டு, தன்னைத் துன்புறுத்தும் முரட்டுப் பையனையும், தன்னைப் பிடித்துச் செல்லும் கொள்ளையரையும் எதிர்க்கத் துணிவு பெறும் கதை அது. கலைத்திறத்தில் முதற்படத்துக்கு ஈடாகாது. எனினும், அதிலுள்ள அச்சம் எட்டு வயதுச் சிறுவன் சுமக்கக்கூடிய அளவினது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமானதுங்கூட.

அச்சமே அறியாத பிள்ளையை வளர்த்தல் நம் நோக்கமன்று. காற்றில் ஆடும் நிழலுக்கு அஞ்சாமலும், அணுகுண்டுக்கு அஞ்சியும் வாழும் பிள்ளையை வளர்த்தலே நோக்கமாதல் வேண்டும். அதற்குத் துணை செய்யும் படம் எவ்வளவு அச்சமூட்டினும் நல்ல படமே; அதற்குத் துணை செய்யாத படம் எவ்வளவு மென்மையாயினும் வீண் படமே. எந்தப் படம், எந்த வயது என்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் பெற்றோரும் ஆசிரியருமே ஓர்ந்து துணிதல் வேண்டும்.